எந்த வயசில் பாட்டு கிளாஸ்? காஞ்சிபுரத்துப் பழைய கணக்கு

புரட்டாசி பிறந்து விஜயதசமி நெருங்கினால் என் போன் வழக்கத்தைவிட அதிகமாக அடிக்கும். நெல் விலை கேட்க இல்லீங்க. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற சொந்தக்காரப் பிள்ளைகள்தான். "பெரியப்பா, பாப்பாவுக்கு நாலு முடிஞ்சுடுச்சு. பாட்டு கிளாஸ்ல சேத்துடலாமா? இல்ல இன்னும் ஒரு வருஷம் போகட்டுமா?" விவசாயியிடம் கேட்கிற கேள்வியா இது என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் ஊர் காஞ்சிபுரத்துக்குப் பக்கம். நாற்பது வருஷமாகக் கோயில் மண்டபத்து ஓரத்தில் உட்கார்ந்து நாதஸ்வரம் கேட்கிறவன் என்பதால், நமக்கு ஏதோ தெரியும் என்று ஒரு நம்பிக்கை அவர்களுக்கு.

கேட்கிறவர்கள் எல்லாருக்கும் மனசில் ஒரு பழமொழி ஓடுகிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? அதுதான் பயம். அஞ்சு வயசு தாண்டிவிட்டால் ரயில் போய்விட்டது மாதிரி ஒரு பதற்றம். பக்கத்து ஃபிளாட் பிள்ளை மூணு வயசிலேயே சரளி வரிசை பாடுதாம், நம்ம பிள்ளை இன்னும் கார்ட்டூன் பாக்குதே என்று ஒரு தவிப்பு.

இந்தக் கேள்விக்குக் காஞ்சிபுரமே ஒரு பதில் வைத்திருக்கிறது. கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னால், 1900-க்கும் 1935-க்கும் நடுவில், இந்த ஊரோடு தொடர்புள்ள நாலு பெரிய கலைஞர்களின் ஆரம்ப காலத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலும் நாலு தினுசு.

ஏழு வயசில் அரங்கேற்றம்

முதலில் பாலசரஸ்வதி. 1918-ல் சென்னையில் பிறந்தவர். வீணை தனம்மாளின் பேத்தி. தாயார் ஜெயம்மாளும் பாடகி. நாலு வயசு வாக்கிலேயே கந்தப்பப் பிள்ளையிடம் நடனம் பழக ஆரம்பித்துவிட்டார். 1925-ல், ஏழு வயசில், காஞ்சிபுரத்து அம்மன் கோயில் ஒன்றில் அரங்கேற்றம் நடந்தது.

இதைக் கேட்டதும் "பாத்தீங்களா, ஏழு வயசில் மேடை!" என்று சந்தோஷப்படத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் குடும்பத்தில் பாட்டு என்பது வாரத்துக்கு ரெண்டு நாள் கிளாஸ் இல்லை. அதுதான் தொழில், அதுதான் சோறு, அதுதான் மரியாதை. அந்தச் சமயத்தில் அந்த மரியாதையும் ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்ற குரல் வலுத்துக்கொண்டிருந்த காலம். 1947-ல் சட்டமே வந்தது. தங்கள் வீட்டுப் பெண்ணை இனி ஆட விடலாமா என்று குடும்பத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்த நேரத்தில்தான் ஜெயம்மாள் துணிந்து மகளுக்கு நடனம் சொல்லிவைத்தார். ஆக, அங்கே யோசித்தது பிள்ளைக்கு வயசு ஆயிற்றா என்று இல்லை. இந்த உலகத்தில் இனிமேல் இந்தக் கலைக்கு இடம் இருக்கா என்றுதான்.

பாடம் இல்லாமலே பாடியவர்

ரெண்டாவது, நம்ம ஊர்ப் பெண் டி.கே. பட்டம்மாள். 1919-ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். பேருக்கு முன்னால் இருக்கிற 'டி' தாமல். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற வழியில் பெரிய ஏரி ஒன்று இருக்குமே, அந்தத் தாமல்தான். அப்பா தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதர். அம்மாவுக்கு நல்ல குரல். ஆனால் அந்தக் காலத்துக் கட்டுப்பாட்டில் வெளியே பாட முடியாது. சொந்தபந்தங்கள் முன்னால் பாடுவதற்குக்கூட அனுமதி இல்லை.

பட்டம்மாள் குருகுலத்தில் தங்கி முறையாகப் பாடம் கேட்டு வளர்ந்தவர் இல்லை. அப்பா சுலோகமும் தோத்திரமும் சொல்லிக்கொடுத்தார். ஊரில் நடக்கிற கச்சேரிகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்பார். வீட்டுக்கு வந்ததும் கேட்ட கீர்த்தனையையும் ராகத்தின் முக்கியமான பிடிகளையும் மறப்பதற்குள் எழுதி வைப்பார். அண்ணன் தம்பிகள் ஆளுக்குக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருந்து எடுத்துக்கொடுப்பார்கள். கடைசியில் முழுப் பாட்டும் வீட்டுக்கு வந்துவிடும். அதுதான் அவர்களுடைய 'கிளாஸ்'.

பத்துப் பதினோரு வயசில் ரேடியோவில் பாடினார். பதிமூணு, பதினாலு வயசில் சென்னையில் கச்சேரி மேடை. அதற்கு முன்னால் வீட்டில் பெரிய தயக்கம். பிராமணக் குடும்பத்துப் பெண் பொதுமேடையில் உட்கார்ந்து பாடுவது அதுவரை வழக்கத்தில் இல்லை. பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை அம்முக்குட்டி அம்மாள் அப்பாவிடம் பேசிப் பேசித்தான் வழி திறந்தது. இங்கே பாருங்கள், பிள்ளை எப்போதோ தயார். வீடும் ஊரும் தயாராகத்தான் நாளாயிற்று. அம்மாவுக்குக் கடைசிவரை அந்த வழி திறக்கவே இல்லை. மகள் பின்னால் 1970-ல் சங்கீத கலாநிதி, 1998-ல் பத்ம விபூஷண். அந்த அம்மா வீட்டுக்குள்ளேயே எத்தனை பாட்டை விழுங்கியிருப்பார் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஊர் விட்டு ஊர் வந்தவர்கள்

மூணாவது பிருந்தா. அவரோடு தங்கை முக்தா. இவர்களும் வீணை தனம்மாளின் பேத்திகள்தான். பிருந்தா பிறந்தது 1912, முக்தா 1914. வீட்டிலேயே சங்கீதக் கடல் இருக்கும்போது வெளியே போக என்ன அவசியம்? ஆனாலும் சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு நயினாப் பிள்ளையிடம் பாடம் கேட்க அனுப்பினார்கள்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று. தனம்மாள் வீட்டுச் சங்கீதம் மெதுவானது, இழைந்து போவது. நயினாப் பிள்ளை சங்கீதம் தாளக் கணக்கில் சிங்கம். காது ஒரு வழியில் நன்றாக ஊறிய பிறகு, அந்த வீட்டில் கிடைக்காத இன்னொன்றுக்காகப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார்கள். எந்த வயசு என்பதோடு, யாரிடம், எதுக்காக என்பதையும் அந்தப் பெரியவர்கள் யோசித்திருக்கிறார்கள். இன்றைக்கு அப்பார்ட்மெண்டுக்குக் கீழேயே கிளாஸ் இருக்கு, அதனால் சேர்த்தோம் என்கிறோமே, அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குஸ்தி, பட்டம், அப்புறம்தான் பாட்டு

நாலாவது ஆள்தான் முக்கியம். அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை. 1889-ல் பிறந்து 1934-ல் மறைந்தவர். சொந்தப் பேர் சுப்பிரமணிய பிள்ளை. நயினா என்பது கூப்பிடுகிற பேர்.

அம்மா காமாட்சி அம்மாளும் பெரியம்மா முறையான தனக்கோடி அம்மாளும் அந்தக் காலத்தில் பேர் பெற்ற பாடகிகள். வீடு முழுக்கப் பாட்டு. ஆனால் பையனோ சின்ன வயசில் பாட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. குஸ்தி, பட்டம் விடுவது என்று ஊர் சுற்றிக்கொண்டிருந்ததாகத்தான் அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். வாலிப வயசில்தான் மனசு திரும்பியது. திரும்பிய பிறகு வெறி பிடித்த மாதிரி சாதகம்.

அந்தத் 'தாமதமாக' வந்தவர்தான் பின்னால் பல்லவியிலும் தாளத்திலும் தென்னாட்டையே மிரட்டினார். பின்னால் உட்கார ஒரு மிருதங்கம் போதாது. கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று வரிசையாகப் பக்கவாத்தியம் வைத்து 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி செய்தவர். கடினமான தாளங்களில் திருப்புகழ் பாடியவர். காஞ்சிபுரத்தில் தியாகராஜ உற்சவம் நடத்தியவர். அந்த உற்சவத்தையொட்டி நடந்த போட்டியில்தான் சின்னப் பெண்ணாக இருந்த பட்டம்மாள் பைரவி ராகத்தில் 'ரக்ஷ பெட்டரே' பாடிப் பரிசு வாங்கினார். யோசித்துப் பாருங்கள். பரிசு கொடுத்தவர், அந்தப் பெண்ணின் வயசில் பாட்டே கற்காமல் பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர்!

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமோ என்னவோ, இருபதில் வளைந்திருக்கிறது. வளைந்தது மட்டுமில்லை, வில்லாகவே ஆகியிருக்கிறது.

நாலு பேருக்கும் பொது எது?

நாலு பேரையும் சேர்த்துப் பார்த்தால் வயசில் ஒற்றுமை இல்லை. ஒரே ஒற்றுமை காது. நாலு பேருக்கும் பாடம் ஆரம்பிக்கிறதுக்கு வெகு முன்னாலேயே காது நிறைந்துவிட்டது. நயினாப் பிள்ளை பாட்டுப் படிக்கவில்லையே தவிர, தொட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பட்டத்து நூலைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடியில் நின்றாலும் கீழே தனக்கோடி அம்மாள் பாடுவது காதில் விழாமலா இருந்திருக்கும்? அவருக்குப் பாடம்தான் தாமதம். கேள்வி தாமதம் இல்லை.

இன்னும் பின்னால் போனால் சியாமா சாஸ்திரி கதையும் இதே மாதிரிதான். 1762-ல் பிறந்தவர். காஞ்சி பங்காரு காமாட்சி விக்கிரகத்தை அந்தக் காலத்துக் கலவரங்களுக்குப் பயந்து எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கடைசியில் தஞ்சாவூர் சேர்ந்த அர்ச்சகர் குடும்பம் அவருடையது. வீட்டாருக்குப் பையன் பூசை முறையும் சமஸ்கிருதமும் கற்றால் போதும் என்ற எண்ணம். பதினெட்டு வயசு வாக்கில் தஞ்சாவூருக்கு வந்து தங்கிய சங்கீத சுவாமி என்ற சந்நியாசியிடம்தான் ஆழமாகப் பாடம் கேட்டார் என்று வரலாறு. அவர்தான் பிறகு மும்மூர்த்திகளில் ஒருவர்.

ஆக, 'கற்றல்' என்று நாம் சொல்வதில் ரெண்டு பங்கு இருக்கு. கேட்பது ஒன்று, பயிற்சி ஒன்று. கேட்பதற்கு வயசே இல்லை, பிறந்த அன்றே ஆரம்பிக்கலாம். பயிற்சிக்குத்தான் நேரம் பார்க்கணும். நகரத்தில் இப்போ தலைகீழாக நடக்கிறது. வீட்டில் ஒருத்தரும் அஞ்சு நிமிஷம் பாட்டுக் கேட்பதில்லை. பிள்ளையை மட்டும் கிளாஸுக்கு அனுப்புகிறோம். நிலத்தை உழாமல் விதை விலையைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

அதே ஊரில் இன்னொரு முடிவு

காஞ்சிபுரத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போனால் அது பாதிக் கதை. பிள்ளை எப்போது தயார் என்ற முடிவை இந்த ஊர் இன்னொரு இடத்திலும் எடுத்திருக்கிறது. தறியில்.

கரையும் உடம்பும் வேற வேற நிறத்தில் இருக்கிற கோர்வைச் சேலைக்கு மூணு நாடா வேணும். நெய்கிறவர் ஒருத்தர். எதிர்ப்பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள இன்னொருத்தர் வேணும். அந்த இன்னொருத்தர் வெகுகாலத்துக்கு ஒரு சின்னப் பிள்ளையாகத்தான் இருந்தார். விரல் சின்னது, கூலி கம்மி, சில வீடுகளில் முதலாளியிடம் வாங்கின முன்பணத்துக்கு ஈடு. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசில் தறிக்குழிப் பக்கத்தில் உட்கார்ந்து காலம் போனது. 'தயாரா?' என்று அந்தப் பிள்ளையை யாரும் கேட்கவில்லை. வீட்டுக் கஷ்டம் தயாராக இருந்தது, அவ்வளவுதான். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து, அப்புறம் அரசும் தொண்டு நிறுவனங்களும் வீதி வீதியாக அலைந்து, 2009-ல் கல்வி உரிமைச் சட்டமும் வந்த பிறகு அந்தக் காட்சி வெகுவாகக் குறைந்தது.

இதைப் பாட்டு கிளாஸோடு ஒப்பிடலாமா என்று கோபப்படாதீர்கள். ரெண்டும் ஒன்று இல்லை. அது பசி, இது ஆசை. ஆனால் ஒரு பாடம் இருக்கு. பெரியவர்கள் தங்களுடைய தேவைக்காகப் பிள்ளையின் வயசைத் தீர்மானிக்கும்போது, பிள்ளையின் விரலை மட்டும்தான் பார்க்கிறோம். பிள்ளையைப் பார்ப்பதில்லை. யூடியூபில் போடுவதற்காகப் பாடவைக்கப்படுகிற நாலு வயசுப் பிள்ளை முகத்தைப் பார்த்தால் எனக்கு இந்த நினைப்பு வரும்.

உடம்பு சொல்கிற கணக்கு

சரி, பயிற்சிக்கு எப்போது நேரம்? பழைய வித்வான்கள் வருஷத்தைவிட உடம்பைத்தான் பார்த்தார்கள். நாதஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு துளையையும் விரல் முழுசா மூடணும். சீவாளியை உதட்டில் பிடிக்கணும். அடிவயிற்றிலிருந்து மூச்சு வரணும். முன்பல் விழுந்து முளைக்கிற வயசில் கையில் கொடுத்தால் காற்றுதான் வரும். அதுக்காகப் பிள்ளையைச் சும்மா விட மாட்டார்கள். முதலில் வாய்ப்பாட்டு. கையில் தாளம். பெரியவர்கள் வாசிக்கும்போது பக்கத்தில் நின்று ஒத்து ஊதுவது. கச்சேரி முழுக்க ஒரே சுரம். சலிப்பாக இருக்கும் என்று நினைப்பீர்கள். ஆனால் அந்த நிற்பில்தான் சுருதி எலும்புக்குள் இறங்கும்.

வயலினில் சின்ன அளவு கிடைக்கிறது, அதனால் சீக்கிரம் தொடங்கலாம். வீணை நீளம், கை எட்டணும். தவில் எடை தாங்கத் தோள் வேணும். பையன்களுக்குப் பன்னிரண்டு, பதினாலு வயசில் குரல் உடையும். அந்தச் சமயம் மேல் ஸ்தாயியில் கத்தவைக்காமல் அடக்கிப் பாடச் சொல்வது நல்ல ஆசிரியருக்கு அடையாளம்.

காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு. கலை பண்பாட்டுத் துறை நடத்துகிறது. மூணு வருஷப் படிப்பு. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் எல்லாம் உண்டு. அங்கே சேர வயசு என்ன தெரியுமா? 12 முதல் 25 வரை. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் தேவாரத்துக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். நாலு வயசில் ரயில் போய்விட்டது என்று பதறுகிறவர்கள் இதைக் கவனிக்கணும். முறையான பாடத்துக்கு அரசு வைத்திருக்கிற வாசலே பன்னிரண்டில்தான் திறக்கிறது.

வெளிநாட்டிலும் இதே கேள்வி ஓடியிருக்கிறது. ஜப்பானில் ஷினிச்சி சுசூகி என்று ஒருத்தர், 1898-ல் பிறந்தவர். அப்பா வயலின் தொழிற்சாலை நடத்தினார். பிள்ளைக்கு வயலின் ஒரு விளையாட்டுச் சாமான். பதினேழு வயசில் மிஷா எல்மன் வாசித்த இசைத்தட்டைக் கேட்டுத்தான் வயலினைக் கையில் எடுத்தார். அவரே பின்னால் மூணு நாலு வயசுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முறையைக் கொண்டுவந்து உலகம் முழுக்கப் பேர் வாங்கினார். அந்த முறையின் அஸ்திவாரம் என்ன? தாய்மொழியைப் பிள்ளை எப்படிக் கற்கிறதோ அப்படி. முதலில் கேட்கட்டும், நிறையக் கேட்கட்டும், அம்மாவோ அப்பாவோ கூட உட்காரட்டும். ஹங்கேரியில் கோடாய் என்ற இசை மேதையும் வாத்தியத்துக்கு முன்னால் பாட்டு என்றுதான் அடித்துச் சொன்னார். எங்கள் ஊர் நாதஸ்வரக்காரர்கள் பிள்ளைக்கு முதலில் வாய்ப்பாட்டுச் சொன்னதும் இதுதானே?

என் மகளுக்கு நான் சொன்னது

என் மகளும் இந்த வருஷம் இதே கேள்வி கேட்டாள். பேரனுக்கு அஞ்சு வயசு. நாற்று விஷயத்தை வைத்துத்தான் அவளுக்குச் சொன்னேன், நம்ம வீட்டில் பிறந்தவள், புரியும். குறுகிய கால நெல்லுக்கு ஒரு நாள் கணக்கு, சம்பாவுக்கு ஒரு கணக்கு. ஒற்றை நாற்று நடவில் பதினாலு நாளிலேயே பறித்து நடுகிறோம், ஆனால் அதுக்கு வயலைச் சமமாக்கித் தண்ணீரை அளவாகக் கட்டத் தெரிந்திருக்கணும். இளம் நாற்றைக் கொண்டுபோய்த் தண்ணி தேங்கின பள்ளத்தில் நட்டால் அழுகும். முற்றிப்போனதை நட்டால் தூர் கம்மியாகத்தான் கட்டும். நாற்றின் நாளை மட்டும் எண்ணினால் போதாது, வயலையும் பார்க்கணும்.

அதனால் அவளிடம் மூணு விஷயம் பார்க்கச் சொன்னேன். ஒன்று, கேட்ட பாட்டை யாரும் சொல்லாமலே பையன் முணுமுணுக்கிறானா? தப்பாகப் பாடினாலும் பரவாயில்லை, தானாகப் பாடுகிறானா என்பதுதான் கணக்கு. ரெண்டு, தனக்குப் பிடித்த ஒரு வேலையில் கால் மணி நேரம் அசையாமல் உட்காருகிறானா? மூணு, கிளாஸ் முடிந்து வீட்டுக்கு வந்தால் கூட உட்கார வீட்டில் யாருக்காவது தினமும் நேரம் இருக்கா? முதல் ரெண்டும் பிள்ளையைப் பற்றியது. மூணாவது நம்மைப் பற்றியது. பெரும்பாலும் இடிக்கிறது மூணாவதில்தான்.

மூணும் இருந்தால் அஞ்சு வயசிலும் ஆரம்பிக்கலாம். இல்லையென்றால் ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கேட்பதோடு விடலாம். அதனால் ஒன்றும் குடி முழுகாது. ஒரு வருஷம் பிந்தியதால் பாட்டு வராமல் போன பிள்ளையை நான் பார்த்தது இல்லை. முந்திச் சேர்த்து, திட்டித் திட்டி, பத்து வயசில் தம்புரா சத்தம் கேட்டாலே எழுந்து ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, சேர்த்த பிறகு பிள்ளை வேண்டாம் என்றால் நிறுத்தவும் மனசு வேணும். நயினாப் பிள்ளையை எட்டு வயசில் கட்டி உட்காரவைத்து அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் அவர் திரும்பி வந்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

அதுவரைக்கும் செலவில்லாத ஒரு வேலை இருக்கு. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். விடிகிறதுக்கு முன்னாலேயே கிளம்பி வரணும். கூட்டம் நெரியும், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள். கோபுர வாசல் பக்கம் நாதஸ்வரமும் தவிலும் நெருங்கி வரும்போது ஃபோனை எடுக்காதீர்கள். பிள்ளை தலையை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று மட்டும் கவனியுங்கள்.